ரீக் மலைக்கு ஒரே ஒரு ஞாயிறு போதாது

டுவாம் பேராயர் ஆண்டகை அவர்களுக்கும், வெஸ்ட்போர்ட் வட்டாரப் பங்குத்தந்தையர்களுக்கும், மேயோ கவுன்ட்டி கவுன்சிலுக்கும், குரோக் பேட்ரிக் மலையைப் பேணிவரும் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

நான் அயர்லாந்தில், உங்கள் மேயோ கவுன்ட்டியில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதில் ஆறு முறை குரோக் பேட்ரிக் ஏறியிருக்கிறேன், நான்கு முறை ஜூலை மாதக் கடைசி ஞாயிறான ரீக் ஞாயிறு அன்றே. இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தபாலில் வந்து சேரும். ஆனால் முதலில் தமிழில்தான் எழுதினேன். அந்த மலையில் என் வாயில் வரும் செபங்களெல்லாம் தமிழில்தான் வருகின்றன. மலையைப் பற்றிய மனக்குறையும் அதே மொழியில்தான் வந்தது.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். ரீக் ஞாயிறு என்ற ஒரே நாளுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் யாத்திரையை ஜூலை மாதம் முழுவதற்கும் விரித்துக் கொடுங்கள். ஞாயிறை நிறுத்தச் சொல்லவில்லை. அது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களிலும், முக்கியமாக வெள்ளிக்கிழமைகளில், உச்சியில் ஒரு திருப்பலி நடக்கட்டும். சிற்றாலயத்தின் கதவு திறந்திருக்கட்டும். ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கேட்க ஒரு குருவானவர் உட்காரட்டும். அவ்வளவுதான்.

இதைத் தமிழில் படிக்கிறவர்களில் பலர் அந்த மலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், க்ளூ விரிகுடாவைப் பார்த்தபடி 764 மீட்டர் உயரத்தில் கூம்பாக எழுந்து நிற்கிறது குரோக் பேட்ரிக். உள்ளூர்க்காரர்கள் அதை 'ரீக்' என்பார்கள். வைக்கோற்போரைக் குறிக்கும் சொல் அது. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும், யாரோ பார்த்துப் பார்த்துக் குவித்த போர் மாதிரி. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் விரிகுடா முழுக்கத் தீவுகள். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை தீவு என்று ஊரில் சொல்வார்கள். நான் எண்ணியதில்லை.

கி.பி. 441இல் அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக் தவக்காலத்தின் நாற்பது நாளும் இந்த உச்சியில் நோன்பிருந்தார் என்பது மரபு. கூட்டம் கூட்டமாகப் பறவைகள் வந்து மொய்த்ததில் அவருக்கு வானமும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை, நிலமும் தெரியவில்லை என்று 7ஆம் நூற்றாண்டிலேயே ஆயர் திரேகான் எழுதிவைத்திருக்கிறார். பேட்ரிக்குக்கு முன்பே மலைக்கு ஒரு பெயர் இருந்தது, 'க்ருவகான் அய்க்லே' என்று. அறுவடை தொடங்கும் ஆகஸ்ட் முதல் நாளை ஒட்டி வரும் லூனசா விழாவுக்கும் இந்த மலைக்கும் பழைய தொடர்பு உண்டு. ரீக் ஞாயிறுக்கு ஐரிஷ் மொழியில் இருக்கும் இன்னொரு பெயர் 'க்ரோம் துவ் ஞாயிறு'. க்ரோம் துவ் என்பது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு தெய்வத்தின் பெயர். 1994, 1995 ஆண்டுகளில் உச்சியில் அகழாய்வு செய்தபோது ஒரு மலைக்கோட்டையின் எச்சமும், ஆதிகாலக் கல் செபக்கூடம் ஒன்றின் அடித்தளமும் கிடைத்தன. அந்தச் செபக்கூடம் கி.பி. 430க்கும் 890க்கும் இடைப்பட்டது என்று கரிமக் காலக்கணிப்பு சொன்னது. அதாவது, குறைந்தது ஆயிரம் வருடத்துக்கு மேலாக யாரோ ஒருவர் அந்தக் காற்றில் நின்று செபித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

இப்போது யாத்திரையின் முறை. முரிஸ்க் கிராமத்தில் புறப்பட்டால் முதல் நிலை 'லாக்ட் பெனான்'. பேட்ரிக்கின் சீடர் பெனிக்னஸின் பெயரில் இருக்கும் கற்குவியல் அது. அதை ஏழு முறை சுற்றி வர வேண்டும். கர்த்தர் கற்பித்த செபம் ஏழு, அருள்நிறை மரியே ஏழு, விசுவாச அறிக்கை ஒன்று. இரண்டாம் நிலை உச்சி. அங்கே முழந்தாளிட்டு அதே செபங்கள், பிறகு சிற்றாலயத்தைப் பதினைந்து முறை சுற்றி வந்து செபம், பிறகு 'பேட்ரிக்கின் படுக்கை' என்ற இடத்தைச் சுற்றி ஏழு முறை. மூன்றாம் நிலை, மேற்குச் சரிவில் கொஞ்சம் கீழே இறங்கினால் வரும் 'ரெலிக் வுரா', மரியாளின் கல்லறைத் தோட்டம். அங்கே மூன்று கற்குவியல்கள். ஒவ்வொன்றையும் ஏழு முறை, கடைசியில் மொத்தத்தையும் ஏழு முறை. எல்லாச் சுற்றும் சூரியன் போகும் திசையில். முதல்முறை இதைக் கேட்டபோது எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வலம் வருவது என்று ஒரே சொல்லில் எங்கள் ஊரில் சொல்லிவிடுவோம்.

சரி, இப்போது ரீக் ஞாயிறுக்கு வருகிறேன்.

ஜூலை மாதக் கடைசி ஞாயிறு. பத்திரிகைகள் பதினையாயிரம் பேர் என்கின்றன, சில வருடம் அதற்கும் மேலே. அத்தனை பேரும் ஒரே பாதையில், அநேகமாக ஒரே காலை நேரத்தில். தோள்பட்டை என்று சொல்லும் இடம்வரை பரவாயில்லை. அதற்கு மேலேதான் கூம்பு தொடங்குகிறது. உதிரிக் கற்கள் நிறைந்த செங்குத்துச் சரிவு. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அங்கேதான் எதிரும் புதிருமாகச் சந்திக்கிறார்கள்.

நான் கடைசியாக ஏறிய ரீக் ஞாயிறு அன்று, அந்தக் கூம்பின் பாதி உயரத்தில், மேலே யாரோ கால் வைத்த கல் ஒன்று கழன்று உருண்டு வந்தது. "கல்! கல்!" என்று மேலிருந்து வரிசையாகக் கத்தினார்கள். விலக இடமில்லை. எனக்கு முன்னால் போன ஒரு பெரியவரின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு முறியவில்லை, சதை கிழிந்து நன்றாக ரத்தம் வந்தது. என் கழுத்துத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சில நிமிடத்திலேயே சீருடைத் தன்னார்வலர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் கட்டுப் போட்ட நேர்த்தியை நர்ஸான நானே நின்று பார்த்தேன். அந்தக் கல்லைத் தள்ளியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் யாரென்றும் தெரியாது. அந்த இடத்தில் அந்த நேரத்தில் அத்தனை கால்கள் இருந்தால் கல் உருளத்தான் செய்யும்.

அந்தப் பெரியவர் வெறுங்காலோடு வந்தவர். ரீக்கில் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. வெறுங்காலில் நடக்கிறவருக்குக் குனிந்து பார்த்து, கல்லைத் தேர்ந்தெடுத்து, நிதானமாகப் பாதம் வைக்க வேண்டும். அவர் நின்றால் பின்னால் நூறு பேர் நிற்க வேண்டும். அதனால் அவர் நிற்காமல் போனார். யாத்திரையை அதன் பழைய முறையில் செய்ய வந்தவருக்கே அந்த நாளில் இடமில்லாமல் போகிறது என்பது அன்றைக்குத்தான் என் மனதில் பட்டது.

மேலே போனதும் அதுவே. சிற்றாலயத்தைச் சுற்றிப் பதினைந்து முறை வர வேண்டும். அங்கே திருப்பலிக்காக நிற்கிறவர்கள், மழைக்கோட்டை மாற்றுகிறவர்கள், சாண்ட்விச் சாப்பிடுகிறவர்கள், படம் எடுத்துக்கொள்கிறவர்கள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் களைத்து வந்தவர்கள். மூன்றாவது சுற்றிலேயே எண்ணிக்கை எனக்குத் தப்பிவிட்டது. பேட்ரிக்கின் படுக்கையைச் சுற்றவே முடியவில்லை. ஆனால் மேற்கே இறங்கி ரெலிக் வுராவுக்குப் போனேன் பாருங்கள், அங்கே என்னோடு சேர்த்து ஐந்து பேர்தான். ஆயிரக்கணக்கானவர்கள் உச்சிக்கு வந்த நாளில் மூன்றாம் நிலைக்கு ஐந்து பேர். முரிஸ்குக்குத் திரும்பும் வழியில் அது இல்லை, கூட்டம் இழுக்கும் பக்கமே கால் போகிறது, அங்கே நிலை ஒன்று இருப்பதையே பலர் அறியவில்லை.

இதைச் சொன்னால் "மரபு அப்படி, அந்த ஞாயிறுதான் மரபு" என்று ஒரு பதில் வரும். என் சக ஊழியர்களே சொன்னார்கள். நான் மரபை மதிக்கிறவள். அதனால்தான் அந்த மரபைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

1113ஆம் ஆண்டு, மார்ச் மாதம், புனித பேட்ரிக் திருநாள் இரவு. க்ருவகான் அய்க்லே மேல் இடி விழுந்தது, நோன்பிருந்த முப்பது பேர் இறந்தார்கள் என்று பழைய ஐரிஷ் ஆண்டுக்குறிப்பு பதிந்து வைத்திருக்கிறது. அப்படியென்றால் அந்தக் காலத்தில் மக்கள் மார்ச் மாதத்தில், குளிரில், மலைமேல் நோன்பிருந்தார்கள். அடுத்து, 1432இல் திருத்தந்தை நான்காம் யூஜின் இந்த மலைக்கு வருகிறவர்களுக்கு ஞானப்பலன் அளித்தபோது, ஆகஸ்ட் முதல் நாளுக்கு முந்தைய ஞாயிறைக் குறிப்பிடுகிறார். மார்ச்சுக்குப் பக்கத்தில் கோடைக்காலமும் வந்துவிட்டது. பேட்ரிக் திருநாள் அன்று ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 15, விண்ணேற்பு விழா அன்றும் ஏறுகிறார்கள். ரீக் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கு 'கார்லண்ட் வெள்ளி' என்றே பெயர். அக்கம்பக்கத்துக் கிராமத்தார் தங்கள் யாத்திரையைக் கூட்டமில்லாமல் செய்துகொள்ளும் நாள் அது. மலைக்கு ஒரு நாள்தான் என்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அப்புறம் இரவு. 1970களின் தொடக்கம்வரை இந்த யாத்திரை இரவில்தான் நடந்தது. நான் பராமரிக்கும் பெண்களில் ஒருவர், தொண்ணூறைக் கடந்தவர், அந்த இரவுகளைப் பற்றிச் சொல்வார். சாயங்காலம் டீ கொடுத்துவிட்டுப் போர்வையைச் சரிசெய்யும்போது அந்தப் பேச்சு வரும். சனிக்கிழமை இருட்டியதும் தகப்பனாரோடு புறப்படுவாராம். கையில் விளக்கு, நடக்க ஒரு கம்பு. கீழே நின்று பார்த்தால் மலைமேல் வெளிச்சம் ஒரு கயிறு மாதிரி வளைந்து வளைந்து போகுமாம். மேலே குளிரில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்து, விடியற்காலைத் திருப்பலிக்குக் காத்திருப்பார்கள். "முன்னால் போகிறவரின் முகம் தெரியாது, செபம் மட்டும் கேட்கும்" என்றார் ஒருமுறை. இரவு யாத்திரையைப் பகலுக்கு மாற்றியபோது அவருக்குப் பெரிய வருத்தம். தகப்பனார் அந்த வருடம் போகவே இல்லையாம். அடுத்த வருடம் போனார். பகலில் போனார். அப்போது உங்கள் முன்னோர் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது, இன்றைக்கு யாரும் அதைத் தவறு என்று சொல்வதில்லை. மாதம் கூடியது, இரவு பகலானது, யாத்திரை போகவில்லை.

உச்சியில் இப்போது இருக்கும் சிற்றாலயமும் அப்படி வந்ததுதான். 1905 ஜூலை 30, ஒரு ஞாயிறு, அது அர்ப்பணிக்கப்பட்டது. பேராயர் ஆண்டகை அவர்களே, அன்று உங்கள் ஆசனத்தில் இருந்தவர் ஜான் ஹீலி. யாத்திரைக்கு மறுபடியும் ஊக்கம் கொடுத்தவர் அவர். அந்தக் காற்றில், அந்த மழையில், பொருளெல்லாம் கழுதை முதுகிலும் ஆள் முதுகிலுமாக மேலே போனது. அதுவும் ஒரு புது ஏற்பாடாகத்தான் தொடங்கியிருக்கும்.

ஒரே நாளை நம்பியிருப்பதில் இன்னொரு கஷ்டம். அட்லாண்டிக் ஓரத்து வானிலையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015இல் ரீக் ஞாயிறு அன்று காற்றும் மழையும் மோசமாக இருந்ததால் யாத்திரையை ரத்து செய்தீர்கள். சரியான முடிவு. ஆனாலும் நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறி ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டுதல் வைத்து, வருடம் முழுக்கக் காத்திருந்து, தூரத்திலிருந்து வந்தவருக்கு "அடுத்த வெள்ளி வாருங்கள், அன்றும் திருப்பலி உண்டு" என்று சொல்ல ஒரு தேதி இருந்திருந்தால் அவர் திரும்பிப் போயிருப்பார். அடுத்த வருடம் வா என்று சொன்னால், நோயாளித் தாயை வீட்டில் விட்டு வந்தவர் எப்படித் திரும்புவார்?

2020இல் பெருந்தொற்று. யாத்திரையே இல்லை. 2021இல் நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக யாத்திரையை ஜூலை மாதம் முழுவதும் பரப்பினீர்கள். அந்த ஜூலையில்தான், ஒரு வார நாளில், நான் முதல்முறையாக மூன்று நிலைகளையும் முழுதாகச் செய்து முடித்தேன். சிற்றாலயத்தைப் பதினைந்து முறை சுற்றினேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. பேட்ரிக்கின் படுக்கையைச் சுற்றும்போது எதிரே ஒரு கணவனும் மனைவியும் அவர்கள் மொழியில், அநேகமாகப் போலிஷ் மொழியில், அதே செபத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சுற்றுகள் முடிந்ததும் தலையசைத்துச் சிரித்தோம். அந்த வருடம் ஆபத்துக்குப் பாவமில்லை என்று செய்த ஏற்பாடு அது. தொற்று போனதும் அந்த ஏற்பாடும் போய்விட்டது. அதைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவையில்லை, உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. டோனகல் கவுன்ட்டியின் லாக் டெர்க் தீவு. அதுவும் பேட்ரிக்கின் பெயரால் நடக்கும் தவம்தான், ரீக்கைவிடக் கடுமையானது. மூன்று நாள், வெறுங்கால், ஓர் இரவு முழுக்கத் தூக்கமில்லை, பால் சேர்க்காத டீயும் காய்ந்த ரொட்டியும்தான் ஆகாரம். ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை அந்தப் பருவம் நீள்கிறது. தங்களுக்கு முடிந்த நாளில் மக்கள் வருகிறார்கள். அதனால் அதன் கடுமை துளியும் குறையவில்லை. அடுத்தது நம் மேயோவிலேயே இருக்கும் நாக் திருத்தலம். 1879 ஆகஸ்ட் 21இல் நடந்த காட்சியை நினைவுகூர அங்கே ஒரு நாள் மட்டும் ஒதுக்கவில்லை, ஆகஸ்ட் 14 முதல் 22 வரை ஒன்பது நாள் நவநாள் வைக்கிறீர்கள். எனக்கு டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து வருடாவருடம் போய்விடுகிறேன்.

டியூட்டி என்று சொன்னேன் அல்லவா, அதையும் கொஞ்சம் யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு எல்லோருக்கும் கிடைக்கிற காலம் போய்விட்டது. நர்ஸுக்கு இல்லை. வெஸ்ட்போர்ட் ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு ஜூலைக் கடைசி ஞாயிறைவிட வேலை மிகுந்த நாள் கிடையாது. யாத்திரிகர்களுக்குச் சாப்பாடு போடுகிற சமையற்காரர் யாத்திரை போக முடியாது. எங்கள் இல்லத்தில் ஐந்து பேர் ரீக் ஏற ஆசைப்படுகிறோம். வருடத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோதான் அந்த ஞாயிறு அமைகிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கூட்டத்தில் ஒரு வரம் இருக்கிறது. ரீக் ஞாயிறு அன்று இறங்கி வருகிற முகம் தெரியாதவர் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லும்போது அது பொய் என்று தெரிந்தாலும் கால் எழுகிறது. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து ஏறும் பாட்டிகளை அன்றைக்குத்தான் அத்தனை பேரைப் பார்க்கலாம். என் முதல் ஏற்றத்தில், கூம்பில் பயந்து நின்றுவிட்டேன். யாரென்றே தெரியாத ஓர் இளைஞன் தன் கம்பை என் கையில் திணித்துவிட்டு மேலே போய்விட்டான். அந்தக் கம்பு இப்போதும் என் வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கிறது. அதனால்தான் ஞாயிறை எடுக்காதீர்கள் என்கிறேன். பாதிப் பேராவது வேறு நாளுக்கு மாறினால், ஞாயிறும் மூச்சு விடும்.

வேறு நாளில் ஏறினால் அந்த உணர்வு வராது என்பவர்களுக்கு 2022 ஏப்ரல் 2ஐ நினைவூட்டுகிறேன். அன்று சனிக்கிழமை. நரம்பியக்க நோயால் குரலை இழந்துகொண்டிருந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் சார்லி பேர்ட் அன்று ரீக் ஏறினார். அவரோடு ஆயிரக்கணக்கானவர்கள் ஏறினார்கள், நாடெங்கும் மற்ற மலைகளிலும் ஏறினார்கள். இரண்டு தொண்டு அமைப்புகளுக்காக 30 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. எந்தத் திருநாளும் இல்லாத ஒரு சனிக்கிழமை அது. அன்று அந்த மலையில் இருந்தது யாத்திரை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

கூடுதல் நாள் என்றால் கூடுதல் உழைப்பு என்பது எனக்குத் தெரியும். மேயோ மலை மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். ரீக் ஞாயிறுக்கு நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் மீட்புக் குழுக்கள் துணைக்கு வருகின்றன. அவர்களை வாரவாரம் மலைமேல் நிறுத்தி வைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் கூட்டம் சின்னதானால் தேவையும் சின்னதாகும். ஜூலையின் ஒவ்வொரு வெள்ளியையும் உயர்மறைமாவட்டத்தின் ஒரு பகுதிப் பங்குகளுக்கு ஒதுக்கலாம். அந்தப் பங்குகளிலிருந்து ஒரு குருவானவர், மலையறிந்த வழிகாட்டிகள் சிலர், முதலுதவி தெரிந்த இரண்டு பேர். எங்களைப்போல நர்ஸாக இருக்கிறவர்கள் இந்தக் கவுன்ட்டியில் நிறைய, கேட்டால் வருவோம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு திருப்பலி போதும். ரெலிக் வுராவுக்கு வழி காட்ட யாராவது ஒருவர் மேற்குப் பக்கம் நின்றால் இன்னும் நல்லது.

கவுன்சிலுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1980களில் அந்த மலைக்குள் தங்கம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள், சுரங்கம் வேண்டாம் என்று நீங்களும் முடிவெடுத்தீர்கள். இந்த மலையைத் தோண்டாமல் விட்ட கவுன்சில் நீங்கள். பாதை விஷயத்திலும் உங்கள் பங்கு இருக்கிறது. பல வருடக் கால்தடத்தால் பாதை அரித்து, அகலமாகி, இருபக்கமும் ஹெதர் செடிகள் செத்து, மண் மழையோடு போய்க்கொண்டிருந்தது. உதிரிக் கல்லில் நடக்கப் பயந்து ஒவ்வொருவரும் ஓரமாக நடக்க, ஓரமும் பாதையானது. கடந்த சில வருடங்களில் அந்தப் பாதையைச் சீர்செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரம் கிடையாது. மலையிலிருக்கும் கல்லையே எடுத்து, கையால் புரட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, படி மாதிரி பதிக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க வேலை செய்தும் கொஞ்ச தூரம்தான் நகர முடிகிறது. அந்த உழைப்பின் மேல் ஒரே காலையில், நனைந்த மண்ணில், பதினையாயிரம் பேரை நடத்த வேண்டாம். அதே பதினையாயிரம் பேர் ஐந்து வாரத்தில் நடந்தால், நெரிசலில் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டியிருக்காது. மழை கொட்டும் வாரத்தைத் தவிர்த்துக்கொள்ளவும் வழி இருக்கும். மலைச்சரிவில் ஆடு மேய்க்கும் விவசாயிகள், தங்கள் பொதுமேய்ச்சல் நிலத்தின் குறுக்கே இத்தனை காலமாக எல்லோரையும் போகவிட்டவர்கள். தேதிகளைத் தீர்மானிக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். கூட்டமில்லாத நாட்கள் தங்களுக்கும் ஆடுகளுக்கும் எப்படி என்று அவர்களே சொல்வார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது அந்தத் தொண்ணூறு வயது அம்மாவிடம் கேட்டேன், "வெள்ளிக்கிழமை ஏறினால் கணக்கில் வருமா?" என்று. அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவருடைய பாட்டி எப்போதும் கார்லண்ட் வெள்ளியன்றுதான் போவார் என்றும், ஞாயிறு வெளியூர்க்காரர்களுக்கு என்று சொல்வார் என்றும் சொன்னார். தனக்காக லாக்ட் பெனானில் ஒரு சுற்றுச் சேர்த்துச் சுற்றச் சொன்னார்.

எங்கள் இல்லத்தில் ஜூலை டியூட்டிப் பட்டியல் இந்த வாரம் போடுகிறார்கள். ரீக் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று எனக்கு லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு முரிஸ்கிலிருந்து புறப்படுவேன், பத்தரை வாக்கில் உச்சியில் இருப்பேன். அன்று திருப்பலி உண்டா என்று மட்டும் ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். இங்கே இன்னும் நான்கு பேர் அந்தப் பதிலைப் பார்த்துத்தான் லீவு கேட்கப் போகிறார்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
மேயோவில் வசிக்கும் ஒரு யாத்திரிகை